கைவேலைக் கத்திகள்: பிடி மாற்றுவது, சுவரில் வைப்பது, கடலோர ஈரத்தில் துருவில்லாமல் காப்பது

#1 திண்ணைக்காரன்

வணக்கம். சேகரிப்பில் இப்போது 11 கத்தி இருக்கிறது. எல்லாம் பட்டறையில் கையால் அடித்தவை: திருப்பாச்சி அரிவாள் 2, வெட்டுக்கத்தி 1, நேபாள குக்ரி 1 (கூட இரண்டு குட்டிக் கத்தியும்), குடகு பீச்சேகத்தி 1 (வெள்ளி வேலை செய்த உறை), டமாஸ்கஸ் (இரண்டு வகை இரும்பை அடுக்கி அடித்து, வரி தெரிகிற கத்தி) 3, ஜப்பான் சமையல் கத்தி 2, டி2 என்கிற கருவி உருக்கில் ஒன்று. வீடு சென்னை திருவான்மியூர், கடலுக்குப் பக்கம். எல்லாம் இப்போது உறையோடு பீரோவில் கிடக்கிறது.

திட்டம் இதுதான். 4 அடிக்கு 2½ அடி, 6 அங்குல ஆழத்தில் பிளைவுட் பெட்டி, உள்ளே பச்சை கம்பளி ஃபெல்ட், முன்னால் கண்ணாடிக் கதவு, கத்திகளைப் பிடிக்க காந்தப் பட்டை. கூடவே சில வேலைகள்: ஒரு டமாஸ்கஸ் பிடி ஆடுகிறது, மாற்ற வேண்டும். ஒரு ஜப்பான் கத்திக்கு ஈட்டி மரத்தில் பிடி போட ஆசை. இன்னொரு டமாஸ்கஸில் வரி மங்கிவிட்டது. அரிவாள் இரண்டையும் கண்ணாடி மாதிரி பாலிஷ் போடலாமா? அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

#2 பெட்டகம்

முதலில் உறையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். இன்றைக்கே. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். பதனிட்ட உப்பும் அமிலமும் தோலிலேயே தங்கியிருக்கும். பித்தளை ரிவெட் இருக்கும் இடத்தில் பச்சையாகப் பிசுபிசுவென்று ஏதாவது படிந்திருந்தால் அது தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்தது. உறையைத் தனியாக வையுங்கள், கத்தியைத் தனியாக வையுங்கள்.

அடுத்து உங்கள் பெட்டி. அந்தத் திட்டத்தில் இரண்டு பொருள் கத்திக்கு ஆகாதவை, நீங்கள் எழுதாத மூன்றாவது ஒன்றும் உண்டு.

பிளைவுட், எம்டிஎஃப் இரண்டிலும் ஃபார்மால்டிஹைடு பசை. மூடிய பெட்டிக்குள் அது மெதுவாக வெளியேறி ஃபார்மிக் அமிலமாகும். மரமும் தன் பங்குக்கு அசெட்டிக் அமிலம் விடும். ஓக் மரம் இதில் மிக மோசம், தேக்கு அவ்வளவு இல்லை. திறந்த அலமாரியில் இது பொருட்டில்லை. கண்ணாடி போட்டு இறுக்கினால்தான் வினை.

கம்பளி ஃபெல்டில் கந்தகம் உண்டு. பீச்சேகத்தி உறையின் வெள்ளி சில மாதங்களில் கறுத்துவிடும். பாலியெஸ்டர் ஃபெல்ட் வாங்குங்கள், அல்லது கஞ்சி போக இரண்டு முறை அலசிக் காயவைத்த பருத்தித் துணி.

மூன்றாவது, நீங்கள் எழுதாதது. கண்ணாடி ஒட்ட கடைக்காரர் கொடுக்கும் சிலிகான். காயும்போது வினிகர் வாடை வந்தால் அது அசெட்டிக் வகை, மீன்தொட்டிக்குப் போடுவது. குழாயில் ‘நியூட்ரல் க்யூர்’ என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம்.

மரமே வேண்டாம் என்பது என் கட்சி. அலுமினியம் ஜன்னல் செய்யும் கடையில் பவுடர் கோட்டிங் செய்த செக்‌ஷனில் சட்டம், பின்பக்கம் 4 மி.மீ. ஏசிபி ஷீட் (இருபுறமும் அலுமினியத் தகடு ஒட்டிய பலகை), முன்பக்கம் 5 மி.மீ. டஃபன்ட் கண்ணாடி என்று சொன்னால் அவர்களே செய்து தருவார்கள். பூட்டும் அவர்களிடமே இருக்கும்.

#3 சாணைக்கல்

அரிவாளைத் தொடாதீங்க அண்ணே. அந்தக் கறுப்புத் தோல்தான் அதோட அழகு, பாதுகாப்பும் அதுதான். உலையில சூடாகும்போது உருவான ஆக்சைடு அது. அதுக்கு மேல செங்கல் நிறத்துல பொடியா இருக்கறதுதான் துரு. ரெண்டும் வேற வேற.

துருவை மட்டும் எடுக்கணும்னா மெல்லிய எண்ணெய் தடவி அரை நாள் ஊறவிட்டு, 0000 நம்பர் ஸ்டீல் உல் வெச்சு கையால தேய்ங்க. பித்தளைத் தூரிகையும் சரி. வினிகர்ல ஊறப்போட்டா துருவோட கறுப்புத் தோலும் சேர்ந்து உரிஞ்சு, வெளிறின சாம்பல் நிறத்துல வந்து நிக்கும். திருப்பி அந்தத் தோலைக் கொண்டுவர வழியே இல்ல, மறுபடியும் உலைக்குப் போகணும்.

பஃபிங் சக்கரத்துக்கு இன்னும் ஒரு காரணத்தால ‘வேண்டாம்’. கத்திப் பட்டறையில இருக்கற மெஷின்லயே அதுதான் ஆபத்து. வாய்ப்பக்கம் (கூர் ஓரம்) சக்கரத்துல மாட்டினா கத்தியைப் பிடுங்கி உங்க மேலயே வீசும். அடுத்தது சூடு. திருப்பாச்சி அரிவாள் பலதும் லாரி ஸ்பிரிங் பட்டையில அடிச்சது. அதுக்குத் துவைச்சல் (பழுக்கக் காய்ச்சி முக்கிக் கடினமாக்கறது) கொடுத்திருக்கறது வாய்ப்பக்கம் மட்டும். அந்த மெல்லிய ஓரம் வைக்கோல் நிறத்துக்கு வந்தா 220 டிகிரி கிட்ட, ஊதா 280, நீலம் 300. நீலம் கண்ணுல பட்டுச்சுன்னா அந்த இடத்துல துவைச்சல் போயிடுச்சு. அப்புறம் அது வெறும் இரும்புத் தகடு, சாணை எவ்வளவு பிடிச்சாலும் கூர் நிக்காது.

பட்டறை முத்திரை குத்தியிருந்தா அது மேல உப்புத்தாளே படக்கூடாது.

#4 திண்ணைக்காரன்

அரிவாள் விஷயம் தீர்ந்தது, தொடவில்லை. பெட்டிக்குத்தான் சிக்கல். பிளைவுட் வாங்கி அறுத்தாயிற்று, ஆசாரிக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. அதை வைத்தே ஏதாவது செய்ய முடியுமா? சிலிகா ஜெல் பொட்டலம் நிறைய போட்டால் சரியாகாதா?

#5 பெட்டகம்

செய்யலாம், ஆனால் ஜெல்லை நம்பி அல்ல. கணக்கைப் பாருங்கள்.

உங்கள் பெட்டியின் கொள்ளளவு சுமார் 135 லிட்டர். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவி தாங்கும். அப்படியானால் 80 சதவீத ஈரப்பதத்தில் உங்கள் பெட்டிக் காற்று முழுவதிலும் சேர்த்து இருக்கும் தண்ணீர் வெறும் 3.3 கிராம். அதை 45 சதவீதத்துக்கு இறக்க எடுக்க வேண்டியது 1.4 கிராம்தான், ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இல்லை. இதற்கு ஒரு சின்னப் பொட்டலம் போதும்.

ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டில் அந்த அளவுப் பெட்டி ஏறக்குறைய 17 கிலோ எடை. அதில் 12 சதவீத ஈரம் என்றால் ஒன்றே முக்கால் லிட்டர் தண்ணீர் பலகைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் போடும் ஜெல் முதலில் அதைத்தான் குடிக்கும். அடுத்தது கதவு இடுக்கு. ஒரு நாளைக்கு ஒரு முறை உள்காற்று முழுக்க மாறினால் தினமும் 1.4 கிராம். நாலைந்து முறை மாறும் ஓட்டைப் பெட்டி என்றால் அரைக் கிலோ ஜெல் ஐப்பசி அடைமழையில் இரண்டு மூன்று வாரம்கூடத் தாங்காது.

ஆகவே பிளைவுட்டை அடைக்க வேண்டும். உட்புறம் முழுக்க சன்மைக்கா, வெட்டுமுனைகளில் எட்ஜ் பேண்ட், மூலை இணைப்புகளில் அலுமினியம் ஃபாயில் டேப் (ஏசி குழாய்க்கு ஒட்டுவது). ஃபாயில் டேப்பையே உட்பக்கம் முழுக்க ஒட்டி மேலே துணி போர்த்தலாம். உண்மையில் அதுதான் இன்னும் நல்ல தடுப்பு. சன்மைக்கா ஒட்டிய ஃபெவிகால் காய்ந்து வாடை போக மூன்று நான்கு வாரம் கதவைத் திறந்தே வையுங்கள். அதுவரை கத்தி உள்ளே போகக் கூடாது. கதவைச் சுற்றி சிலிகான் ஃபோம் பட்டை. கறுப்பு ரப்பர் பீடிங் வேண்டாம், அதிலும் கந்தகம்.

ஜெல் 1 கிலோ, நிறம் மாறும் வகை. ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாவதை வாங்குங்கள். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாவதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, வீட்டுக்கு வேண்டாம். துணிப்பையில் போட்டு, பின்பலகைக்கும் துணிக்கும் நடுவே அடியில் ஒரு இழுப்பறை மாதிரி செய்துகொண்டால் கத்தியைத் தொடாமலே மாற்றலாம். நிறம் மாறினால் ஓவனில் 110 முதல் 120 டிகிரி, இரண்டு மூன்று மணி நேரம். சமையலுக்குப் பயன்படுத்தும் தட்டில் வைக்காதீர்கள்.

அளவு பார்க்க டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று உள்ளே. மலிவானவை 5 சதவீதம் முன்னே பின்னே காட்டும், சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து (கரையக் கூடாது, சேறு மாதிரி நிற்க வேண்டும்), மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு 10 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் எப்போதும் 4 கழித்துக்கொள்ளுங்கள்.

இலக்கு 45 முதல் 50. அதற்குக் கீழே இறக்கினால் இரும்பு சந்தோஷப்படும், மரப்பிடியும் எலும்புப் பிடியும் வெடிக்கும்.

#6 உப்புத்தாள்

பெட்டகம் சொன்ன அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போடுங்க. உங்க டமாஸ்கஸ் பிடி ஆடறதுக்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். ஈரமா இருந்த மரத்தை ஒட்டி அனுப்பிடறாங்க. இங்க ஏசி ரூம்ல காஞ்சு சுருங்குது, இரும்பு சுருங்காது, பசை விட்டுடுது. பிடி ஓரத்துல விரலை ஓட்டுங்க. காம்பு (அலகோட இரும்பு பிடிக்குள்ள நீளற பகுதி) மரத்தை விட வெளிய நீட்டிக்கிட்டுத் தட்டுப்பட்டா மரம் சுருங்கினதுன்னு அர்த்தம்.

முழுக்காம்பு பிடி மாத்தற முறை:

பழசைக் கழட்டறது. அலகு முழுக்க ஈரத்துணி சுத்துங்க. பின்னோட தலையை அரத்தால சமன்பண்ணி, பின் அளவை விட அரை மி.மீ. சின்ன பஞ்சால தட்டி வெளிய தள்ளுங்க. வரலைன்னா ஹீட் கன்னால மரத்தை மட்டும் சூடாக்குங்க. 80, 90 டிகிரியிலயே எபாக்ஸி (ரெண்டு குழாயிலிருந்து கலக்கற பசை) இளகிடும். காம்பு மேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க. கொதிச்சா நிறுத்திடணும்.

மரம். ஒவ்வொரு பக்கமும் 9 மி.மீ. பலகை. முடிஞ்ச பிடி மொத்தக் கனம் 20 மி.மீ. சுமார் இருந்தா கைக்கு அடங்கும். கத்தி எந்த ரூம்ல இருக்கப்போகுதோ அங்கயே மரத்தை மூணு வாரம் போட்டு வைங்க. ஈட்டி, தேக்கு, கருங்காலி எல்லாம் எண்ணெய்ச் சத்துள்ள மரம். பசை போடறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி அசெட்டோன் நனைச்ச துணியால ரெண்டு மூணு தடவை துடைங்க, துணியில நிறம் ஏறறது குறையற வரைக்கும். முந்தின நாள் துடைச்சு வெச்சா பிரயோஜனம் இல்ல, உள்ள இருக்கற எண்ணெய் மறுபடி மேல வந்துடும்.

முன்முகம். பிடி அலகைச் சந்திக்கற அந்தச் சின்ன முகத்தை ஒட்டறதுக்கு முன்னாடியே 120, 220, 400, 600 வரை தேய்ச்சு முடிச்சிடணும். ஒட்டின பிறகு அங்க உப்புத்தாள் போனா அலகு மேல கீறல் விழாம தப்பாது.

துளை. ஒரு பலகையைக் காம்போட இறுக்கி, காம்போட துளை வழியாவே துளை போடுங்க. அந்தப் பின்னைச் செருகி வெச்சுட்டு அடுத்த பலகை. ரெண்டையும் தனித்தனியா அளந்து போட்டா கடைசியில அரை மி.மீ. இடிக்கும். 3 மி.மீ. பித்தளைக் கம்பிக்கு 3.1 துளை.

பசை. 24 மணி நேர அரால்டைட் ஸ்டாண்டர்டு, ரெண்டு குழாயிலிருந்தும் சம அளவு, மூணு நிமிஷம் நல்லா கலக்கணும். 5 நிமிஷ எபாக்ஸி அவசரத்துக்கு ஓடும், ஈரத்துல பலவீனம். காம்பை 80 நம்பர் தாள்ல சொரசொரப்பாக்கி அசெட்டோன்ல துடைச்சுட்டு ஒட்டுங்க. கிளாம்ப்பை முறுக்கித் தள்ளாதீங்க. பசை எல்லாம் வெளிய பிதுங்கி வந்துட்டா நடுவுல ஒட்டறதுக்கு எதுவுமே இருக்காது. ஓரம் பூரா மெல்லிசா ஒரு கோடு பிதுங்கினா அதுதான் சரியான இறுக்கம். முன்பக்கம் பிதுங்கினதை இறுகறதுக்கு முன்னாடி அசெட்டோன் தொட்ட காது பட்ஸால எடுத்துடுங்க.

உருவம். இங்கதான் பலரும் கெடுக்கறது. பெல்ட்ல தேய்க்கும்போது பித்தளைப் பின் மரத்தை விட சீக்கிரம் சூடாகும். அந்தச் சூட்டுல பின்னைச் சுத்தி மரத்துல கறுப்பா ஒரு வளையம் விழும், கூடவே அந்த இடத்து எபாக்ஸியும் செத்துடும். கையில கிளவுஸ் இல்லாம பிடிங்க. விரலுக்குச் சூடு தெரிஞ்சா நிறுத்தி ஆறவிடுங்க. புது பெல்ட் போட்டா சூடு பாதியாக் குறையும்.

ஈட்டி மரத்தூள் பலருக்குத் தோல் அரிப்பு, மூச்சுத் தொந்தரவு கொடுக்கும். ஜி10 பலகை எடுத்தா அது கண்ணாடி இழை, இன்னும் மோசம், தண்ணி போட்டுத் தேய்ங்க. எதுவா இருந்தாலும் என்95 முகத்துல இருக்கணும்.

#7 கொடுவாள்

பின் தலையைச் சுத்தியால தட்டி விரிக்கறதைச் சொல்லாம விட்டுட்டீங்க. பசை ஒரு நாள் விட்டாலும் தலை விரிஞ்ச பின் விடாது. ரெண்டு பக்கமும் 1 மி.மீ. நீட்டி விட்டு, துளை வாயைக் கொஞ்சம் அகலமாக்கி, சின்ன உருண்டைத் தலைச் சுத்தியால சுத்திச் சுத்தி மெல்லமா தட்டணும்.

#8 உப்புத்தாள்

மரத்துக்கும் மிகார்ட்டாவுக்கும் (துணியைப் பிசின்ல அடுக்கி இறுக்கின பலகை) சரி. எலும்புக்கும் எருமைக் கொம்புக்கும் கூடவே கூடாது. ஒரு தட்டு கூடுதலா விழுந்தா பின்னிலிருந்து நார்ப்போக்குல நேரா ஒரு வெடிப்பு ஓடும். அன்னிக்கே தெரியாது, அடுத்த கோடையில தெரியும். அதுக்கு வெறும் எபாக்ஸியும், பக்கவாட்டுல அரத்தால கீறல் போட்ட பின்னும் போதும். சுவர்ல இருக்கப்போற கத்திதானே.

கொம்புன்னு பேச்சு வந்ததால: எருமைக் கொம்பு தாராளமா போடலாம். மான் கொம்பு வேண்டாம். தானா உதிர்ந்ததுன்னு சொல்லி விக்கறவங்க உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல அந்தச் சமாதானம் எடுபடாது. யானைத் தந்தம் சொல்லவே வேண்டாம். ஈட்டி மரம் உள்ளூர்ல பில்லோட வாங்கினா பிரச்சனை இல்ல, வெளிநாட்டுக்கு அனுப்பும்போது மட்டும் சைட்டீஸ் (அழியும் நிலை உயிரினங்களோட வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கறதை ஞாபகம் வெச்சுக்கங்க.

#9 வாகைமரம்

ஜப்பான் கத்திக்கு ஈட்டிப் பிடி என்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கத்திக்கு மக்னோலியாப் பிடி போடுவது எடைக்காகத்தான். 210 மி.மீ. அலகுக்கு லேசான பிடி இருந்தால் பாரம் அலகுப் பக்கம் நிற்கும், வெட்டும்போது கத்தியே இறங்கும். ஈட்டி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். பாரம் கைக்குள் வந்துவிடும். காட்சிக்கு மட்டும்தான் என்றால் உங்கள் இஷ்டம். எடுத்துப் புழங்கவும் போகிறீர்கள் என்றால் வாகை, இல்லையென்றால் லேசான வேறு மரம், முனையில் மட்டும் எருமைக் கொம்பு வளையம்.

கழற்றும் முறை எளிது. அலகைத் தடித்த துணியில் சுற்றி, பிடியின் தோள்பட்டையில் ஒரு மரக்கட்டையை வைத்துப் பின்னோக்கிச் சுத்தியால் தட்டினால் பல பிடிகள் கழன்று வரும். உள்ளே காம்பு துருப்பிடித்திருந்தால் சுரண்டிவிட்டு மெழுகு தடவுங்கள். புதுப் பிடியின் துளையைக் காம்பின் வடிவத்துக்கே சதுரமாகக் குடைய வேண்டும். முதலில் 6 மி.மீ. துளை, பிறகு ஒடிந்த இரம்பத் துண்டால் பக்கவாட்டை அகலப்படுத்துவது. காம்பு பாதி போய் நின்றால் அடித்து இறக்காதீர்கள். பிடி நெடுகப் பிளந்துவிடும். வெளியே எடுத்து, காம்பில் மார்க்கர் மை தடவித் திரும்பச் செருகுங்கள். உள்ளே எங்கே இடிக்கிறதோ அங்கே மை ஒட்டியிருக்கும்.

பழைய பிடியைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கத்திக்கு மாற்றினாலும் கழற்றிய பாகத்தைப் பெயர் எழுதிப் பையில் போட்டு வையுங்கள். குக்ரியின் பிடி லேசாக வெடித்திருந்தாலும் மாற்றக் கூடாது என்பேன். மரபான குக்ரியில் காம்பை லாஹா என்கிற பிசினில் உட்கார வைப்பார்கள், சூட்டில் இளகும் பொருள் அது. வெயில் விழும் சுவரில் மாட்டினாலே போதும், பிடி ஆட ஆரம்பிக்கும். கூட வரும் இரண்டு குட்டிக் கத்திகளில் கூரானது கர்தா, மழுங்கலானது சக்மக். மழுங்கலாக இருக்கிறதே என்று அதைச் சாணை பிடித்துவிடாதீர்கள், அது வாயை நீவிவிடவும் தீக்கல்லில் உரசவும் உள்ளது.

#10 கரிமூட்டம்

வரி மங்கின டமாஸ்கஸுக்கு வருகிறேன். முதலில் அது நிஜமா என்று பாருங்கள். முதுகுப் பக்கம் பார்த்தால் பக்கவாட்டில் இருக்கும் வரி முதுகைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். முதுகு மொழுமொழு என்று இருந்து வரி பக்கங்களில் மட்டும் இருந்தால் அது அமிலத்தாலோ லேசராலோ போட்ட கோலம். அதைத் தேய்த்தால் திரும்ப வராது, அப்படியே விடுங்கள்.

நிஜம் என்றால் பொதுவாக 1095, 15என்20 என்ற இரண்டு வகை உருக்கையும் அடுக்கி அடித்திருப்பார்கள். 15என்20-ல் 2 சதவீதம் நிக்கல், அமிலத்துக்கு அசையாது, வெள்ளையாக நிற்கும். 1095 கறுக்கும். (நம் ஊர் பழைய உருக்கு, கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் மூசையில் உருக்கியது, வேறு வகை. அதில் வரி அடுக்கினால் வருவதல்ல, உருகி ஆறும்போது உள்ளேயே விளைவது. இரண்டையும் ஒரே பெயரில் விற்பவர்களிடம் ஜாக்கிரதை.)

ஃபெரிக் குளோரைடு கரைசல் ரிச்சி தெருவில் சர்க்யூட் போர்டு பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஒரு பங்கு கரைசலுக்கு மூன்று பங்கு தண்ணீர். பொடியாக வாங்கினால் தண்ணீரில் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பொடி மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். 3 அங்குல பிவிசி குழாய் ஒன்றரை அடி, ஒரு முனையை அடைத்துச் செங்குத்தாக நிறுத்தினால் அதுவே தொட்டி, இரண்டு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும்.

அலகைப் பழைய கறுப்பு போக 400, 800, 1500 வரை நீளவாக்கில் தேய்த்து, ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைக்கவும். விரல் ரேகை பட்ட இடம் அப்படியே ரேகையாகவே பதியும், கையுறை போடுங்கள். பிடியைக் கழற்றிவிட்டுச் செய்தால் நிம்மதி. முடியாவிட்டால் பித்தளைப் பூணை நெயில் பாலிஷ் இரண்டு கோட் அடித்து மறைத்துவிடுங்கள். ஃபெரிக் குளோரைடு இரும்பை விடப் பித்தளையை ஆசையாகத் தின்னும், சர்க்யூட் போர்டில் அதன் வேலையே செம்பைத் தின்பதுதான்.

5 நிமிடம் முக்கி எடுத்து, தண்ணீரில் பஞ்சால் கரியைத் துடைத்துப் பார்த்து, மறுபடி 5 நிமிடம். மூன்று நான்கு சுற்றில் நகத்துக்குப் படி தட்டும். அப்போது நிறுத்திவிட்டு, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரில் பத்து நிமிடம். இந்தச் சோடாக் குளியலை விட்டுவிட்டால் இரண்டு நாளில் அலகு முழுக்க மஞ்சள் துரு.

நல்ல கறுப்பு வேண்டுமானால் இதற்குப் பிறகு காப்பி. ஃபில்டர் காப்பி இல்லை, இன்ஸ்டன்ட் தூள், லிட்டருக்கு 80 கிராம், சிக்கரி கலக்காதது. 4 முதல் 8 மணி நேரம் மூழ்கவிட்டால் 1095 மையாகிவிடும். கடைசியில் 2000 தாளைக் கெட்டியான கட்டையில் சுற்றி மேலோட்டமாக இரண்டு இழுப்பு. மேடான வெள்ளை வரி மட்டும் பளிச்சிடும். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளத்துக் கறுப்பும் போய்விடும்.

மிச்சக் கரைசலைச் சிங்க்கில் ஊற்ற வேண்டாம். நுரை அடங்கும் வரை சலவை சோடா போட்டு, கசடு படிந்ததும் உலர்த்திக் கட்டிப் போடுங்கள்.

#11 திண்ணைக்காரன்

காந்தப் பட்டை பற்றி யாரும் சொல்லவில்லையே? ஆணி அடித்து அதன் மேல் வைத்தால் வேலைப்பாடு தெரியாமல் மறைக்கும் என்றுதான் காந்தம் யோசித்தேன்.

#12 சாணைக்கல்

சமையல் கத்திக்குக் காந்தம் சரி. அரிவாளுக்கு வேண்டாம். அதோட கனமும் வளைவும் சேர்ந்து ஒரே இடத்துல தொங்கும், கதவை அடிச்சுச் சாத்தினா வழுக்கி இறங்கும். வரி தெரிய எட்ச் பண்ணின (கரைசல்ல அரிக்கவெச்ச) டமாஸ்கஸுக்கும் வேண்டாம், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் அந்தப் பரப்பு உரசும்.

வைக்கறவங்க வெறும் காந்தத்துல இரும்பை ஒட்டாதீங்க. 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. கனம் நியோடைமியம் வட்டு, மரப்பட்டையின் பின்பக்கத்துல குழி வெச்சு, முன்னால 2 மி.மீ. மரம் மிச்சம் விட்டு எபாக்ஸியில பதிங்க. 3 மி.மீ. விட்டீங்கன்னா பிடி கணிசமா குறைஞ்சிடும். வைக்கும்போது முதுகு முதல்ல தொடணும், அப்புறம் அலகைச் சாய்ச்சுப் படுக்க வைக்கணும். எடுக்கும்போது வாயை முதல்ல விலக்கி, முதுகு மேல சாய்ச்சு எடுக்கணும். நேரா இழுத்தா வாய் மரத்துல உரசும்.

#13 பெட்டகம்

மற்றவற்றுக்கு அக்ரிலிக் தண்டு. 10 மி.மீ. விட்டத்தில் 35 மி.மீ. துண்டுகள், ஒரு முனையில் 3.3 துளை போட்டு எம்4 மரை வெட்டி, பின்பலகை வழியாக ஸ்டெயின்லெஸ் போல்ட்டால் முடுக்குங்கள். கத்தி உட்காரும் இடத்தில் வட்ட அரத்தால் 2 மி.மீ. பள்ளம். கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் எதையும் மறைக்காது. ஒரு கத்திக்கு இரண்டு தாங்கல்: பிடியின் கீழ் ஒன்று, அலகு தொடங்கும் மழுங்கல் பகுதியின் கீழ் ஒன்று. கனமான அரிவாளுக்கு மூன்று. வாய் எதன் மேலும் உட்காரக் கூடாது. பிவிசி டியூபை மெத்தையாகச் சுற்றுபவர்கள் உண்டு. அதிலிருந்து வெளியேறும் குளோரின் சேர்மம் சரியாக டியூப் தொட்ட இடத்தில் துருக்கோடு போடும். டிவி பெட்டியில் வரும் வெள்ளை ஈபிஇ ஃபோம் ஒரு துண்டு போதும்.

பலகையில் துளை போடுவதற்கு முன் பழுப்புத் தாளில் 11 கத்தியையும் வரைந்து வெட்டி, தரையில் பரப்பி அடுக்கிப் பாருங்கள். நடுவில் 60 மி.மீ. இடைவெளி இல்லாவிட்டால் ஒன்றை எடுக்கும்போது அடுத்தது கையைக் கீறும். அரிவாள்கள் கீழ் வரிசை.

விளக்கு எல்இடி பட்டை, 3000கே (மஞ்சள் சாயல் ஒளி), உட்பக்கம் முன்மேல் விளிம்பில், கத்தியை நோக்கிச் சாய்த்து. டிரைவரைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் விளக்குப் போட்டதும் சூடு ஏறும், அணைத்ததும் இறங்கும், அதோடு ஈரப்பதமும் ஆடும். பெட்டி சுவரை ஒட்டாமல் 12 மி.மீ. தள்ளி நிற்கட்டும், மழையில் சுவர் ஊறினால் பின்பலகைக்கு ஏறாது. பழைய செங்கல் சுவர் என்றால் 8 மி.மீ. பிளக்கும் நீள ஸ்க்ரூவும். ஏஏசி பிளாக் சுவர் என்றால் அதற்கென்று உள்ள பிளக் தனி, சாதாரணமானது கையோடு வந்துவிடும். கண்ணாடியோடு 35 கிலோவுக்குக் குறையாது.

#14 வாகைமரம்

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆயுத விதிகள் 2016-ன் முதல் அட்டவணை 5-ஆம் வகையில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் சேராது. ஆயுதச் சட்டம் 1959-ன் 4-ஆம் பிரிவில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்ட பகுதிகளில் அந்த வகைக்கு உரிமம் வேண்டும். உங்கள் குக்ரியும் பீச்சேகத்தியும் விவசாயக் கருவி ஆகாது. அளந்து குறித்துக்கொண்டு, உங்கள் பகுதி நிலவரத்தை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். வாங்கிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பூட்டு கட்டாயம்.

#15 திண்ணைக்காரன்

நன்றி, எல்லாம் குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. பெட்டியில் ஏற்றும் முன் என்ன தடவுவது? வீட்டில் தேங்காய் எண்ணெய் தடவித்தான் பழக்கம். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பொட்டு வைப்பதும் உண்டு.

#16 சாணைக்கல்

தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகச் சிக்குப் பிடிச்சுத் தூசியை ஒட்டிக்கும். மருந்துக்கடையில லிக்விட் பாரஃபின்னு கேளுங்க, மலச்சிக்கலுக்குக் கொடுக்கறதுதான், வாசனை சேர்க்காத பாட்டில். சமையல் கத்திக்கும் பாதகமில்ல. ஆல்கஹால்ல துடைச்சுக் காஞ்சப்புறம் நாலு சொட்டு, உடனே துடைச்சு எடுத்துடணும், கண்ணுக்குத் தெரியற அளவு எண்ணெய் இருந்தா அதிகம். புழங்காத கத்திக்கு மைக்ரோ கிரிஸ்டலின் மெழுகு இன்னும் மேல். பிரிட்டிஷ் மியூசியத்துல 1950-கள்ல உருவாக்கின கலவை அது, கைரேகை அது மேல தங்கிடும், இரும்புக்குப் போகாது. மாசத்துக்கு ஒரு தடவை கண்ணால பார்த்தா போதும்.

பிடிக்கு ஆளி விதை எண்ணெய் போடறவங்க துடைச்ச துணியைக் கசக்கிக் குப்பையில போடாதீங்க, தானா தீப்பிடிக்கும். விரிச்சுக் காயவைங்க, இல்லன்னா தண்ணியில போடுங்க.

பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் பிடியில வைங்க. அலகுலதான் வைக்கணும்னு வீட்டுல சொன்னா முதல் நாளே மெழுகு பூசிட்டு, மறுநாள் புனர்பூஜை முடிஞ்சதும் ஈரத்துணியால துடைச்சு, காயவெச்சு, திரும்ப மெழுகு. எலுமிச்சம்பழத்தை மட்டும் அரிவாள்ல குத்தி வைக்காதீங்க. ராத்திரி முழுக்க இருந்தா பழத்தோட வட்டம் அப்படியே கறுப்புத் தோல்ல வெள்ளையா அரிச்சு நிக்கும். பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவிப் பக்கத்துல தட்டுல வைங்க.